றேச்சலின் இரண்டாவது ஆல்பத்தில் நான் விட்ட பிழை

பிள்ளைகளே, ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சனில் நான் பல வருடங்களாகக் கல்யாண வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் சவுண்ட் போடுகிறேன். எங்கள் ஆட்களுக்கு எக்கோ இல்லாவிட்டால் பாட்டே இல்லை. மைக்கை ஓன் பண்ணும்போதே என் கை எக்கோ பட்டனுக்குப் போய்விடும்.

முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்யும் றேச்சல், தானே எழுதி, தானே மெட்டமைத்துக் கிறிஸ்தவப் பாடல்கள் பாடுகிறவள். இரண்டாவது ஆல்பத்துக்காக என் நிலக்கீழ் ஸ்டூடியோவுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"அண்ணை, முதல் ஆல்பத்தில நான் கிணத்துக்குள்ள நிண்டு பாடின மாதிரிக் கிடக்கு. இந்த முறை எக்கோ ஒரு சொட்டும் வேண்டாம். நோயாளியின்ர கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து ஜெபிக்கிற மாதிரிக் கேக்க வேணும்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.

அவள் வேலையில் ஒரு கிழமை Urlaub (லீவு) எடுத்துப் பாடினாள். கடைசி நாளில் மூன்று பாடல்கள். அடுத்த நாள் போட்டுக் கேட்டேன். பழக்கதோஷத்தில் எக்கோவைத் திறந்திருக்கிறேன். அது குரலோடு சேர்ந்தே பதிவாகிவிட்டது. பிறகு பிரித்தெடுக்க ஏலாது.

கிற்றார் சத்தத்தைக் கூட்டி எக்கோவை மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், எக்கோ வேண்டாம் என்ற அந்த ஒன்றைத்தானே அவள் கேட்டாள். போன் எடுத்தேன்.

"தங்கச்சி, மூண்டு பாட்டையும் நான் கெடுத்துப்போட்டன்."

றேச்சல் தன் வேலை நேரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளையில இருந்து எனக்குக் காலமை வேலை அண்ணை. முடிச்சிட்டு வாறன்."

அடுத்த மூன்று நாளும் வேலை உடுப்போடேயே வந்தாள். நாளுக்கு ஒரு பாட்டு. மூன்றாம் நாள் களைப்பில் குரல் கம்மியது. என் கை தானாக எக்கோ பட்டனை நோக்கி எழும்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கண்டுவிட்டாள்.

"அண்ணை! கையைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ!"

வைத்தேன். தண்ணி குடித்துவிட்டு நாலு தரம் பாடினாள். நாலாவது சரிவந்தது.

வெளியீட்டு நாளில் ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, சவுண்ட்காரன் நித்திரையோ? எக்கோவே காணேல்லை!"

"இல்லை அண்ணை, முழிச்சிருந்துதான் செய்தது" என்றேன்.

பிள்ளைகளே, வேலையில் பிழை விட்டால் மற்றவர் கண்டுபிடிக்க முதல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொன்னால் திருத்துகிற வேலை மட்டும்தான் மிஞ்சும். ஒளித்தால் அந்தப் பாட்டைக் கேட்கும் ஒவ்வொரு தரமும் தலை குனிய வேண்டும்.