கருவாட்டுப் பொதியின் முடிச்சு

நேற்று மாத்தளைச் சந்தையில் கடைக்காரர் கருவாட்டுப் பொதியின் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

யுத்தத்தின்போது திருகோணமலைக் கரையோரத்துச் சல்லி ஊரிலிருந்து எங்களை இந்த மலையூருக்கு அனுப்பிவிட்டு, அப்பா மீன்பிடிக்க அங்கேயே நின்றுவிட்டார். கிழமைதோறும் அவர் கட்டித்தரும் கருவாட்டைக் கிண்ணியா ஊர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், சந்தைக்குக் கொண்டுவருவார். அப்பா போட்ட வலைமுடிச்சை அம்மா ஒருநாளும் அறுத்ததில்லை. நகத்தால் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி வைப்பா.

திருகோணமலையில் குண்டு விழுந்த பிறகு வந்த பொதியை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அவர் சுகமாத்தான் இருக்கிறார், தங்கச்சி," என்றார் நானா.

"அப்ப இந்த முடிச்சை ஆர் போட்டது?"

நானா குனிந்து மற்றப் பொதிகளை அடுக்கத் தொடங்கினார். அம்மா பொதியைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதை ஏறினா. வீட்டுக்கு வந்து, கத்தியை எடுத்து, அந்தக் கயிற்றை அறுத்தா.