தெருமுனையில் நின்ற படம்

நான் நாலாவதோடு படிப்பை விட்டவன். சைக்கிளில் போய் முந்திரிக்கொட்டை வாங்கி விற்று, இன்று கந்தர்வக்கோட்டைப் பக்கம் சொந்த ஆலை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் முதன்முதலாக வீட்டு இன்டர்நெட்டுக்கு மாடியில் 5ஜி பெட்டி வைத்தவனும் நானே. துபாயில் இருக்கும் ஒரே மகனோடு என் மனைவி தினமும் அதில்தான் முகம் பார்த்துப் பேசுவாள்.

போன மாசியில் அவள் திடீரென்று இறந்துவிட்டாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் வீடியோவில் வந்தபோது பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

"அப்பா, அம்மா மொகத்தக் காட்டுங்கப்பா."

"கொஞ்சம் எறக்கச் சொல்லவாண்ணே?" என்று என் தம்பி கேட்டான்.

"தூக்குனத எறக்கக் கூடாதுடா. சுடுகாட்டுல மொகம் மூடுறதுக்கு முன்னாடி நிதானமாக் காட்டுவோம். நம்மகிட்ட இருக்கிறது 5ஜி!" என்றேன்.

தெருமுனை தாண்டியதும் படம் நின்றுவிட்டது. பெட்டியின் சிக்னல் வீட்டைச் சுற்றி மட்டும்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுடுகாட்டில் வேறு டவரும் எடுக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன். "மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்க" என்று குரல் கொடுத்துவிட்டு மூடிவிட்டார்கள்.

மகன் என்னைக் கோபிக்கவில்லை. "அம்மாவுக்கு என்ன கலர் சேலைப்பா கட்டிவிட்டீங்க?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது ஊரில் யார் இறந்தாலும், வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் நான் போனோடு போய் நிற்கிறேன். அந்தப் பிள்ளை 'போதும்' என்று சொல்லும்வரை பாடையைத் தூக்க விடுவதில்லை.