ஓசிப் பரோட்டாவும் அந்தோணி அண்ணனின் ஸ்டியரிங்கும்

பஸ்ஸில் வேலை பார்க்கிறவனுக்குப் பசிக்க நேரம் இருக்காது. ஆனால் சாப்பாடு இலவசம். எந்த ஹோட்டல் வாசலில் பஸ் நிற்கிறதோ, அங்கே டிரைவரிடமும் கண்டக்டரிடமும் காசு வாங்க மாட்டார்கள். வண்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறோமே, அதற்கான மரியாதை. நாங்கள் நிறுத்திய இடத்தில் வேறு வழியில்லாமல் சாப்பிட்டு, எங்களை மனதுக்குள் திட்டிய பயணிகளே! அந்தப் பரோட்டா உங்களுக்கு ஒரு நாள், எங்களுக்குத் தினமும்.

எண்பதுகளில் ஓசூரிலிருந்து சேலம் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். டிரைவர் அந்தோணி அண்ணன். எதிரே வரும் லாரி மங்கலாகத் தெரிகிறது என்று அவரே ஒரு நாள் முதலாளியிடம் சொன்னார். தருமபுரி டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார். முதலாளி சாயங்கால டிரிப்பை நிறுத்திவிட்டார். "ஒரு மாசத்துல குறையலீன்னா ஸ்டியரிங்க வேற ஆளுக்குக் குடுத்துட்டு நீ ஷெட்டுக்கு வந்துரு அந்தோணி" என்றும் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ஸ்டியரிங்தான் உயிர். மாத்திரை கொடுத்த டாக்டர், "வாய்க்கு ருசியான எல்லாத்தையும் ஒரேயடியா விட முடியாது, வாரத்துக்கு ஒண்ணா விடுங்க" என்றார். துணைக்கு நானும் சேர்ந்துகொண்டேன்.

சர்க்கரை போடாத டீ

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டீ மாஸ்டரிடம் சர்க்கரை வேண்டாம் என்றோம். முதல் வாய் குடித்ததும் அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் துப்பவில்லை என்பதே அன்றைய வெற்றி. மறுநாள் இஞ்சி தட்டிப் போடச் சொன்னோம், பரவாயில்லை.

அண்ணன் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் நோன்பு இருக்கிறவர் என்பது மாஸ்டருக்குத் தெரியும். வாரக் கடைசியில் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏண்ணா, ஈஸ்டருக்கு நீங்களேதான் எனக்குக் கேக்கு குடுத்தீங்க. உங்களுக்கு மட்டும் இன்னும் தவக்காலம் முடியலீங்களா?"

பாய்க்கு வந்த சந்தேகம்

அடுத்த வாரம் பரோட்டா. நல்லம்பள்ளிப் பக்கம் காதர் பாய் ஹோட்டலில்தான் மதியம் நிறுத்துவோம். அண்ணன் வீட்டிலிருந்து தூக்குப் போசியில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து, பாயின் மேஜையிலேயே திறந்தார். எனக்கும் ஓர் உருண்டை. பாய் கல்லாவிலிருந்து பார்த்தார். மறுநாள் கேட்காமலே ஆம்லெட் வந்தது. அதற்கு மறுநாள் களிக்குப் பக்கத்தில் அல்வா வந்து உட்கார்ந்தது. அண்ணன், "வயிறு சரியில்லீங்க பாய்" என்று நெளிந்தார். உண்மையைச் சொன்னால் பயணிகள் ஏற மாட்டார்களோ என்று அவருக்குப் பயம்.

எதிர்ச்சாரியில் புது ஹோட்டல் ஒன்று திறந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பாய் கவனித்திருந்தார். டிரைவர் ஓசிச் சோற்றை மறுத்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நாளைக்கு வண்டி வேறு வாசலில் நிற்கப் போகிறது. ஒரு மதியம் பாய் எங்கள் மேஜைக்கே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் என்ன குடுக்கறான்னு மறைக்காம சொல்லிருங்க டிரைவரே. அதுக்கு மேல ஒரு காடையும் சேத்து வெக்கறேன், வண்டிய மட்டும் திருப்பிராதீங்க!"

மாம்பழ வாசனை

பாயிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த டிரிப்புக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் இறங்கி ஓடவில்லை. எல்லோரும் அண்ணனின் வாயைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

மாம்பழக் காலம் வேறு. கூடை ஏற்றுகிற தோட்டக்காரர்கள் டிரைவருக்கு ஒரு பழம் கொடுப்பது வழக்கம். வாங்காமல் இருப்பதுதான் அந்த வாரத்துப் பந்தயம். அண்ணன் நாலு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் ஒரு பழம் எப்படியோ அவர் சீட்டுக்கடியில், துண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தருமபுரியில் வண்டி நின்றபோது குனிந்து எடுத்தார். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் தினமும் பூக்கூடையோடு சேலம் வரும் ராசாத்தி அக்கா, அத்தனை மல்லிகைக்கு நடுவிலும் வாசனையைப் பிடித்துவிட்டார். கையை நீட்டி அவர் சொன்னது: "நீ கண்ணு தெரியாம தொப்பூர் எறக்கத்துல வண்டிய வுட்டீன்னா நீ மட்டுமா போவ? நாங்களுந்தான கூட வரோம். குடு இப்பிடி!"

விளக்கில் காய்ந்த குழாய்

மாதம் முடிந்ததும் முதலாளியும் டாக்டரிடம் கூடவே வந்தார். அப்போதெல்லாம் நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் சிறுநீரைச் சொட்டுவிட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை. செங்கல் நிறம் வந்தால் மோசம். அண்ணனுக்குச் சென்ற முறை செங்கல். அவர் தோள் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். நீலம் மாறத் தொடங்கியதும் நான் சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நிறம் பச்சையோடு நின்றுவிட்டது. சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரிவரைக்கும் அண்ணன் தடுமாறாமல் படித்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கு. இதே மாதிரி சாப்பிட்டுக்கிட்டு ஓட்டலாம்" என்றார் டாக்டர். அண்ணன் நகரவே இல்லை. கண் கலங்கி நின்றார். முதலாளி சாவியை அவர் சட்டைப் பையில் போட்டார்: "அதான் பச்சை வுழுந்துருச்சே, இன்னும் என்ன நின்னுக்கிட்டு? போயி வண்டிய எடுப்பா!"

ஒரு டிரைவரின் வாயைக் கட்ட அந்த பஸ்ஸில் அத்தனை பேர் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கிய ஒரே ஆள் நான்தான்.