ஒத்திகைக்குப் போன முகம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளை அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக அங்கே வருகிறவர்களின் முகத்தை அளப்பது அவள் வேலை. சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து, இந்தக் கண்மணிக்கும் அந்தக் கண்மணிக்கும் எவ்வளவு தூரம், மூக்குத்தண்டு எவ்வளவு அகலம், எந்தக் காது எவ்வளவு மேலே என்று குறித்துக்கொள்வாள். "அரை மில்லி தப்பினாலும் தலைவலி வந்துடுங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. முதலாளிகூட, "அரைமில்லி, ஒருத்தர் வந்திருக்கார் பாரு" என்றுதான் குரல் கொடுப்பார். அவளுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. அப்பா இறந்த வருடம் ஒரு வரன் தட்டிப்போனது. தங்கை படிப்பு முடியட்டும் என்று இரண்டு வருடம் போனது. அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்ததில், கேட்கிறவர்கள் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். காதல் தோல்வி என்று ஏதாவது ஒன்று இருந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள நன்றாக இருந்திருக்கும், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது கல்யாணம் தங்கைக்கு. தங்கை வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. இரண்டு வீட்டுச் சொந்தங்களும் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடப்பதால், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தீவில், கடற்கரையில், நாற்பது பேரை மட்டும் வைத்துக் கல்யாணம் என்று முடிவானது. படகில் போனால் அரை நாள். அறை, சாப்பாடு, நாற்காலி எல்லாவற்றையும் அங்கே உள்ள விடுதிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒன்றே ஒன்று மட்டும் அந்தத் தீவில் கிடையாது. தலை அலங்காரமும் முக அலங்காரமும் செய்ய ஆள் இல்லை. இங்கிருந்துதான் ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். தங்கைக்கோ கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் லீவு.

"நீயே போய் உக்காந்து பாத்து முடிவு பண்ணுக்கா. நம்ம ரெண்டு பேர் முகமும் ஒரே அச்சுதானே," என்றாள் தங்கை போனில்.

ஒரே அச்சில்லை. தங்கைக்குக் கண்ணிடைவெளி இரண்டு மில்லி அதிகம். ஆனால் அதே நிறம், அதே நெற்றி, வியர்த்தால் அதே இடத்தில் வியர்க்கும். ஒத்திகைக்குப் போதும்.

"உனக்கு எப்படி இருக்கணும்டி?"

"மூணு வருஷமா முகமூடி போட்டுப் பாதி மூஞ்சியோடயே இருந்துட்டேன்க்கா. அன்னைக்கு ஒரு நாள் முழு மூஞ்சியோட நிக்கணும். சிரிச்சா நான் மாதிரியே தெரியணும். அவ்ளோதான், வேற எதுவும் கேக்கல."

அந்த ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் நான் என்ன அக்கா என்று அரைமில்லி அன்றே மனதுக்குள் எழுதி ஒட்டிக்கொண்டாள்.

முதலில் போனது ஒரு பெரிய அழகு நிலையம். மூன்றாவது மாடி, கண்ணாடியைச் சுற்றிப் பல்புகள், ஆளுக்கொரு பக்கமாக நாலு பெண்கள். "கல்யாணப் பொண்ணு நீங்களா?" என்று ஒருத்தி கேட்ட கேள்வியில் சந்தேகம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இல்லை, பொண்ணோட அக்கா என்று விளக்கினாள். பஞ்சால் தட்டினார்கள், தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். முடிந்ததும் பார்த்தால் புதிதாக வெள்ளையடித்த சுவர்.

இரண்டாவது ஆள் சக்கரம் வைத்த பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை, வேலை செய்த நேரத்தைவிடத் தன் அருமை பெருமை சொன்ன நேரம்தான் அதிகம். அவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கடற்காற்று பற்றிக் கேட்டதும் அரை டப்பா ஸ்ப்ரேயைத் தலையில் கவிழ்த்தார். அவர் போனதும் அரைமில்லி மேசை விசிறிக்கு முன்னால் நின்று பார்த்தாள். ஒரு முடி அசையவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "தலைக்கவசமே தேவையில்லடி, வண்டி வாங்கிடலாம்," என்றாள். ஆனாலும் முகம் பரவாயில்லை. புருவம் மட்டும் எதற்கோ ஆச்சரியப்பட்டபடியே இருந்தது.

மூன்றாவது இடத்தில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

டயர்க் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறினால் ஓர் அறை. ஒரே நாற்காலி, ஒரே பெரிய ஜன்னல். அந்த அம்மாள் விளக்கே போடவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். அதனால் நாம் அவரை ஜன்னலம்மா என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும். கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு வந்து, கன்ன எலும்பின் கீழே இரண்டு கட்டைவிரலையும் வைத்து லேசாக அழுத்தினார். அப்புறம் ஒரு டப்பாவையும் திறக்காமல் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேசுங்கம்மா."

"என்ன பேசறது?"

"எதையாவது. சும்மா இருக்கற முகத்துக்கு யார் வேணா போட்டுடலாம். பேசறப்ப, சிரிக்கறப்ப எங்க மடியுதுன்னு எனக்குத் தெரியணும். மடியற எடத்துல கனமாப் போட்டா ரெண்டு மணி நேரத்துல வெடிச்சுடும்." சற்று யோசித்தார். "மாப்பிள்ளையப் பத்திச் சொல்லுங்களேன். கல்யாணப் பொண்ணுங்களுக்கு அதுலதான் முகம் நல்லா அசையும்."

இந்த இடத்தில் அரைமில்லி சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் சொன்ன வாக்கியம்தான், புதிதில்லை. வாயைத் திறந்தாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் இளஞ்சூடாகப் படர்ந்திருந்தது. கீழே யாரோ ஒரு டயரைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

"அவர் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கற கம்பெனில சூப்பர்வைசர்," என்றாள்.

யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்க்கத்தான் இருந்தாள்.

"அட! எப்படிப் பழக்கம்?"

"கண்ணாடில பச்சைப் பெயின்ட் தெறிச்சிடுச்சுன்னு எங்க கடைக்கு வந்தார். நாலு நாளா உலகமே பச்சைப் புள்ளியோட தெரியுதுங்க, ஆனா பழகிடுச்சுன்னு சொன்னார். துடைச்சுக் குடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி புள்ளியோட வந்தார்."

"வேணும்னே தெளிச்சுக்கிட்டு வந்திருப்பார்!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

ஆழம் தெரியாமல் காலை விட்டவளுக்கு, விட்ட பிறகு தண்ணீர் இதமாக இருந்ததுதான் வினை. கேட்கக் கேட்க வந்தது. அவருக்கு இடது காது வலது காதைவிட மூன்று மில்லி மேலே. கண்ணாடியைக் கழற்றாமலேயே தூங்கிவிடுவார். கோபம் வந்தால் பேசமாட்டார், போய்ப் பாத்திரம் தேய்ப்பார். அதனால் அவரோடு சண்டை போட்டால் வீடு சுத்தமாகிவிடும். ஜன்னலம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அரைமில்லியும் சிரித்தாள். சிரிக்கும்போதே அந்த விரல்கள் எப்போது வேலையை ஆரம்பித்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் அவள் போனை வாங்கி ஜன்னலம்மா ஒரு படமும் எடுத்தார்.

கடைசியில் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். எதுவும் போட்ட மாதிரியே இல்லை. அவளேதான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவள், யாரோ வாசலில் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவள். இவ்வளவு நாள் இவள் எங்கே இருந்தாள் என்று அரைமில்லி கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"தேதியக் குறிச்சுக்கறேன். தீவுல அவரையும் பாக்கலாம்ல?" என்றார் ஜன்னலம்மா. அவள் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

முதல் ஒத்திகைக்குப் பிறகு, வெயிலிலும் காற்றிலும் முகம் தாங்குகிறதா என்று பார்க்க ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்துதான் வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றும் நடந்தாள். பாலத்தின் கம்பிகளுக்குப் பச்சை வர்ணம். இத்தனை வருடம் அதைக் கவனித்ததே இல்லை. நடுப்பாலத்தில் நின்று ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்; வெயிலில் சுட்டது. காற்று முடியைக் கலைத்தது, கலைந்த முடியும் அழகாகவே விழுந்தது. கண்ணில் நீர் வந்தது, அதற்கும் ஒன்றும் கரையவில்லை. வேலை பிரமாதம் என்று ஒரு பக்கம் குறித்துக்கொண்டாள். வீட்டில் அம்மா, "நல்லா இருக்குடி," என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போனாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து நாள் அந்தப் பச்சைப் பெயின்ட்காரர் கூடவே இருந்தார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார். கடையில் லென்ஸைத் துடைத்தால் லேசாகப் பெயின்ட் வாசம் வந்தது. சாலையைக் கடக்கும்போது அவள் பக்கமாக வந்து நின்றுகொண்டார். முதலாளி, "அரைமில்லி, உன்னத்தான்," என்று மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு பிரேமின் கையைத் தப்பாக வளைத்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல என்ன வெட்கம்? நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். நாளைக்குள் படகில் இடம் சொல்ல வேண்டும், யாரைக் கூட்டிப்போகிறோம்?

"ரெண்டாவது ஆள்தான். பெட்டிக்காரர்," என்றாள் அரைமில்லி.

"நீ மூணு படம் அனுப்பியிருக்கியே. அந்த மூணாவதுக்கா... ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கியே. இவங்கதான் எனக்கு வேணும். நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. யாரப் பாத்துடி சிரிக்கிற?" சந்தோஷம் தாங்காமல் அக்காவையே 'டி' போட்டுக் கூப்பிட்டுவிட்டாள்.

மூன்றாவது படத்தை எதற்கு அனுப்பினோம் என்று அரைமில்லி தன்னைத் திட்டிக்கொண்டாள். அந்த அம்மாளைக் கூட்டிப்போனால், படகிலேயே குட்டு உடையும். மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார், நாற்பது பேர் முன்னால். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

"அவங்களுக்கு அந்தத் தேதி ஒழியலையாம்," என்றாள்.

"சரி விடுக்கா. எனக்குக் கொடுத்துவச்சது அவ்ளோதான்," என்றாள் தங்கை, சாதாரணமாக. அந்தச் சாதாரணம்தான் சுருக்கென்று தைத்தது. அந்தப் பெண் இதுவரை எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும், இல்லாத ஒரு மனிதனுக்காகத் தட்டிப் பறித்தாயிற்று. அரைமில்லி போனை வைத்தாள். முதலாளியிடம் ஒரு மணி நேரம் வெளியே போய்வருகிறேன் என்றாள்.

ஜன்னலம்மா பிரஷ்களைக் கழுவி ஜன்னலோரத் துணியில் வரிசையாகக் காயவைத்துக்கொண்டிருந்தார். அரைமில்லி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"நான் பொண்ணு இல்லீங்க. பொண்ணோட அக்கா. தங்கச்சிக்குத்தான் கல்யாணம். அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய். என்னைத் திட்டறதுன்னா திட்டிடுங்க, ஆனா அவளுக்கு வந்து பண்ணிக் குடுங்க. அவளுக்கு நீங்கதான் வேணுமாம்."

ஜன்னலம்மா கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார். "அப்ப... அவரு?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"பச்சைப் பெயின்ட்டு?"

"இல்ல."

"பாத்திரம் தேய்க்கறது?"

அவள் அதுவும் இல்லையென்று தலையசைத்தாள். ஜன்னலம்மா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயோ," என்றார். "நல்ல மனுஷனா இருந்தாரே."

செத்தவர்களைப் பற்றிச் சொல்கிற அதே குரல். அரைமில்லிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது. ஆம், நல்ல மனுஷன்தான். ஐந்து நாள் அவளை நன்றாக வைத்துக்கொண்டார். ஜன்னலம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நான் வேற எங்க வீட்டுக்காரர்கிட்ட அவரப் பத்திச் சொல்லி, புருஷன்னா எப்படி இருக்கணும்னு பாருங்கன்னு ஒரு சண்டையே போட்டுட்டேன்," என்று தன் கவலையைச் சொன்னார். அதற்கும் இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

பிறகு அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நோட்டை எடுத்தார். கையில் பேனா வந்ததும் குரல் வேலைக் குரலாகிவிட்டது. "தங்கச்சிய வீடியோல காட்டுங்க. அரை மணி நேரம் பேசவிட்டுப் பாக்கணும். உங்க மடிப்பு வேற, அவங்க மடிப்பு வேற."

"இன்னைக்கே கூப்பிடச் சொல்றேன்."

"தீவுல மொத்தம் எத்தன முகம்? பொண்ணுக்கு மட்டும்தானே?"

பொண்ணுக்கு மட்டும்தான். அக்கா என்பவள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவள். அவள் முகத்தை அன்றைக்கு யார் அளக்கப் போகிறார்கள்? அரைமில்லி அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு," என்றாள்.

ஜன்னலம்மா எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு நிமிர்ந்து, கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டார். "உங்களுக்குப் போடறப்பவும் பேசச் சொல்வேனேம்மா. யாரப் பத்திப் பேசுவீங்க?"

"அவரைப் பத்தித்தான்," என்றாள் அரைமில்லி. "இன்னும் நிறைய இருக்கு."