முகங்களை எடுத்த பேனர்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாய் ஊரில் பேனர் அச்சடிக்கும் கடை ஒன்றில் சந்திரமதிக்கு வேலை. திருவிழா, கல்யாணம், காதணி விழா எதுவானாலும் அவள் கைவண்ணம்தான். ஆனால் அவள் வரைந்ததை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. இந்த ஊரில் பேனர் என்றால் முகம். அவள் கண் எரிய எரிய மயில்தோகை வரைந்து முடிப்பாள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் கோட்டு போட்டுக்கொண்டு வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். முருகனுக்கே ஓர் ஓரம்தான் மிஞ்சும்.

பள்ளித்தோழி பிரேமலா சிங்கப்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருக்கிறாள். அங்கே டிசைனர் வேலை ஒன்று காலியானது.

"நீ செஞ்சதையெல்லாம் ஒரு வெப்சைட்ல போடு. எங்க பாஸ்கிட்ட லிங்க்க நான் குடுக்கிறேன். புடிச்சிருந்தா அதுலயே உனக்கு மெசேஜ் போடுவாரு," என்றாள்.

இந்த வேலை கிடைத்தால் முகம் ஒட்டும் பிழைப்பிலிருந்து விடுதலை. சந்திரமதி இலவச வெப்சைட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கம்ப்யூட்டரில் அழகாக நிற்கும் படம் கைப்பேசியில் கழுத்து வெட்டுப்பட்டு நின்றது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகர்ந்தது. பேனர்களிலிருந்து முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் மறைந்திருந்த தோகையை வெளியே கொண்டுவந்தாள். தொலைபேசி எண்ணைப் போடவில்லை. போட்டால் கண்டவர்களும் பேனர் கேட்டு அழைப்பார்கள். செய்தி அனுப்ப ஒரு பெட்டி மட்டும் வைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். கோயில் பேனரைச் சொல்லாமல் கொள்ளாமல் போடுவது மரியாதை இல்லை என்று அவளுக்குப் பட்டது. ஆலயத் தலைவர் சபாபதிக்கு லிங்க்கை அனுப்பி, "இதைப் போட்டுக்கலாங்களா ஐயா?" என்று கேட்டாள். அந்த மரியாதைதான் வினையாகிப் போனது.

அவர் அதை அப்படியே நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார். அன்று மாலையே பெட்டியில் செய்திகள் வந்து குவிந்தன. 'என் படத்த யாரு எடுக்கச் சொன்னா?' என்றார் ஒருவர். 'செயலாளர் இல்லாம என்னா திருவிழா?' என்றார் செயலாளர். பொருளாளர், திரும்பப் போடும்போது கண்ணாடி போட்ட படமாகப் போடச் சொன்னார். பதில் வராததால் அதையே மறுபடி மறுபடி அனுப்பினார். சந்திரமதிக்கு எரிச்சல் தலைக்கேறியது. கத்திவிட்டுப் போகட்டும் என்று பெட்டியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இலவசப் பெட்டி மாதத்துக்கு இத்தனை செய்திதான் வாங்கும். அது நிறைந்து அடைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. பிரேமலா அழைத்தபோதுதான் தெரிந்தது.

"பாஸுக்கு உன் மயிலு ரொம்பப் புடிச்சிருச்சு. மெசேஜ் போட்டுப் போட்டுப் பாத்திருக்காரு, போகவே மாட்டேங்குதாம். சைட்டு செத்துப் போச்சு போலன்னு வேற ஆள எடுத்துட்டாரு. எனக்கே இன்னிக்குத்தான் சொன்னாரு லா."

சந்திரமதி கைப்பேசியை மேசையில் வைத்தாள். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. பொருளாளரையா, பெட்டியையா, கேட்காமல் போட்டுத் தொலைத்திருக்க வேண்டிய தன்னையா?

மறுநாள் சபாபதியே கடைக்கு வந்துவிட்டார். "என்னாம்மா, நம்ம ஆளுங்க மூஞ்சியெல்லாம் எப்பப் போடுவ?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே கொட்டியது. "உங்க ஆளுங்க அனுப்புன மெசேஜால எனக்கு வந்த சிங்கப்பூர் வேல போச்சுங்க ஐயா," என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் முகம் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ நெஞ்சில் கைவைத்து, பெரிய கண்டத்திலிருந்து தப்பியவராகப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேள போ. நீ போயிட்டா இந்த மயில வேற யாரும்மா வரைவா? ஜொகூர் முழுக்கத் தேடுனாலும் ஆளு கெடைக்காது."

அவர் மனதாரத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் அந்த மயிலை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. சந்திரமதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.