பூட்டிய வீட்டுக்கு வந்த கரண்டு பில்

என் கம்ப்யூட்டரை அணைத்தால் அது திரும்ப எழும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பழையதாக வாங்கியது. பொத்தானை அமுக்கி, பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் சில நாள் எழும்பியிருக்கும். சில நாள் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான் அதை அணைப்பதே இல்லை. ராப்பகலாக ஓடும்.

என் பிழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய நிலப் பத்திரங்கள் திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதியவை. இன்றைக்கு நிலத்தை விற்கவோ பங்கு பிரிக்கவோ அவற்றைத் தமிழில் பெயர்த்தாக வேண்டும். பத்மநாபபுரம் கோர்ட்டுப் பக்கமிருந்து வக்கீல்கள் அனுப்புவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே பெயர்த்து, தட்டச்சு செய்து கொடுப்பேன்.

என் மனைவிக்குக் கம்ப்யூட்டர் மேல் பகை கிடையாது. பகையெல்லாம் ஐந்நூறு என்ற எண்ணின் மேல்தான். இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டியதற்கு மட்டுமல்ல, அதற்கு முன்னால் ஓடியதற்கும் சேர்த்து விலை ஏறிவிடும். ஆகவே கணக்கெடுக்கிறவர் வருவதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் கரண்டு நோன்பு. மிக்சி ஓடாது. சட்டைகள் கசங்கியே போகும். ஃபிரிட்ஜைத் திறக்கிறவர் காரணம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் மட்டும் மூலையில் உட்கார்ந்து இரைந்துகொண்டிருக்கும்.

"இதுக்குக் குடுக்க கரண்டு காசுக்கு ஒரு பசுவ வளத்திருந்தா பாலாவது கெடச்சிருக்கும்" என்பாள்.

ஒருநாள் பொறுமை இழந்து சுவரிலிருந்த சுவிட்சையே அணைத்துவிட்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். பாதி பெயர்த்த பத்திரத்தில் ஒரு தோட்டத்தின் மேற்கெல்லை காணாமல் போயிருந்தது. நான் கத்தினேன். அவள் அசரவில்லை.

"மேற்க கடியப்பட்டணம் கடல் வரைக்கும்னு எழுதிக் குடுங்க. வக்கீலுக்கு சந்தோசமாத்தான் இருக்கும்."

வழியும் அவளேதான் கண்டுபிடித்தாள். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. அண்ணன் குடும்பத்தோடு வளைகுடாவில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து பதினைந்து நாள் தங்குவார். மற்றபடி வீடு பூட்டித்தான் கிடக்கும். தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம்.

"அத்தான் வீட்டு நூறு யூனிட்டும் சும்மா பாழாப் போகுது, கேட்டியளா? இந்த மிசின அங்க கொண்டு வைங்க. யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல."

எனக்குத் திக்கென்றது. வீட்டுச் சாவியை என்னிடம் தரும்போது அண்ணன் சொன்னது, வாரம் ஒருநாள் ஜன்னலைத் திறந்துவிடு, வேறெதையும் தொடாதே என்பதுதான். அதற்குக் காரணம் உண்டு. சிறுவயதில் அவருடைய கிறிஸ்மஸ் புதுச்சட்டையை அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நான் கோயிலுக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'கேக்காம எடுக்கவன்' என்று பெயர். அந்தப் பெயர் அழிய எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது. சாவியை என்னிடம் தந்ததே அது அழிந்துவிட்டதற்கு அத்தாட்சி என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். நூறு யூனிட்டுக்குள் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். காகிதத்தில் அது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனின் சாப்பாட்டு மேசையில் வைத்து, தட்டித் தட்டி எழுப்பினேன்.

அங்கே வேலை சுகமாக நடந்தது. ஒரே குறை, நாற்காலி சோபா எல்லாவற்றிலும் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்ததுதான். எழுந்தால் தோலும் கூடவே எழும்பும். புழுக்கத்துக்கு மின்விசிறியைப் போட்டேன். பதினோரு மணிக்கு மனைவி சாயாவோடு வந்தாள். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்தாள். மறுநாள் உட்கார்ந்தவள் டிவியையும் போட்டாள். ஏசியை மட்டும் நாங்கள் தொடவில்லை. அந்த அளவுக்கு மனசாட்சி இருந்தது.

எங்கள் வீட்டு யூனிட் ஐந்நூறுக்கு வெகு கீழே நின்றது. மனைவிக்கு வெற்றிக் களிப்பு. மிக்சி தாராளமாக ஓடியது.

அண்ணன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவார், அன்றுதான் அவருக்கு விடுமுறை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. நான் அவருடைய மேசையில், அவருடைய விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, நம்ம வீட்டுல எவனோ கேறிக் கெடக்கான்! கரண்டு பில்லு மெசேஜ் வந்திருக்கு. பூட்டின வீட்டுல இருநூறு யூனிட்டுக்கு மேல ஓடியிருக்குலே!"

அந்த வீட்டு இணைப்பில் பதிந்திருப்பது அண்ணனின் நம்பர் என்பதை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். கணக்கும் பிசகியிருந்தது. ஏக்கரையும் சென்டையும் அணுவளவு மாறாமல் பெயர்க்கிற நான், கம்ப்யூட்டர் எட்டு மணி நேரம் ஓடுவதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். எட்டு மணி நேரம் உழைப்பது நான்தான். அதற்கு ஏது ஓய்வு?

"நீ ஒத்தைக்கு உள்ள போகாண்டாம், கேட்டியா? ரெண்டு ஆள கூட்டிட்டுப் போ. கள்ளன் கையில கத்தி வச்சிருப்பான்."

அதுதான் என்னை வெட்டியது. வீட்டைவிட என்னை நினைத்துத்தான் அவர் குரல் நடுங்கியது. சோபாவில் மனைவி அசைந்தாள். பிளாஸ்டிக் கிறீச்சென்றது.

"அது என்னலே சத்தம்? நீ எங்க நிக்க?"

"அண்ணா, கள்ளன் நான்தான்" என்றேன். கம்ப்யூட்டர், ஐந்நூறு, நூறு யூனிட், டிவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பழைய பெயர் திரும்ப வந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது.

"ஒரு வாக்கு கேக்கப்பிடாதாலே?" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்.

"அந்த வீட்டக் கெட்டி ஒம்பது வருசம் ஆச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மெசேஜ் வரும், பூஜ்யம்னு. நாங்க வந்து நிக்க மாசம் போக எல்லாத் தடவையும் பூஜ்யம்தான். அத வாசிக்கும்போ ஒரு மாதிரி இருக்கும் பாத்துக்கோ. எதுக்காக்கும் கெட்டினோம்னு தோணும். இன்னைக்கு இது வந்ததும் கள்ளன்னுதான் பயந்தேன். பயந்துட்டு இருக்கும்போதே, யாரோ ஒருத்தன் அங்க இருக்கான்லான்னும் தோணிச்சு." கடைசியில், "மிசினு அங்கயே இருக்கட்டும். பில்ல நான் இங்கேருந்தே கெட்டிருதேன். நீ கெட்டாண்டாம்" என்றார்.

போனை வைத்தேன். மனைவி எழுந்து டிவியை அணைத்தாள்.

அவர் பெருந்தன்மையாகச் சொன்னார் என்பதற்காக நாம் அட்டையாக ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தோம். தக்கலையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரைப் பழுதுபார்த்தேன். உள்ளே ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார். அமுக்கினால் உடனே எழும்பியது. தட்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் அண்ணன் வீட்டில்தான் வேலை, ஆனால் வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அணைத்து வைத்தேன். விசிறிக்குப் பதில் ஜன்னல். மனைவி சாயாவை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவாள். இரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது அண்ணன் வீடு நூறுக்குள் அடக்கமாக நின்றது. பில் பூஜ்யம். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அண்ணன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை இல்லை. கையில் சோறு என்பதால் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, பூஜ்யம்னு வந்திருக்கு. ஒனக்கு சொகமில்லியா?"

சுகம்தான் அண்ணா, ஒன்றுமில்லை அண்ணா என்று எதையோ உளறினேன். மனைவி கை கழுவினாள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் போனோடு ஜன்னலுக்கு வந்து பார்த்தபோது டிவி சத்தம் மதிலைத் தாண்டிக் கேட்டது. பட்டப்பகலில் முன்வாசல் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.