பாரத்துக்கு ஏற்ற காற்று

அப்பாவின் பிக்கப் வண்டியில் அப்போதெல்லாம் மெத்தைதான் ஏறும். கீழ்க்கட்டளைக் கடையிலிருந்து எடுத்து நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய்ப் போடுவார். மெத்தை இடத்தை அடைக்குமே தவிரக் கனமில்லை. அதனால் பின் டயர்களில் முப்பதுக்கு மேல் காற்று வைக்கமாட்டார். வைத்தால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பாரம் ஏற்றினால் ஐம்பது வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடித்துவிடும் என்று எனக்கும் சொல்லிவைத்திருந்தார். ஜி.எஸ்.டி. சாலையோரம் கிழிந்த டயர் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. ஒரு மதியம் கூடுவாஞ்சேரியிலிருந்து அத்தை போன் செய்தாள். மாமா வெளியூர் போயிருக்கிறார், உடனே வண்டியோடு வா என்றாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். விடுமுறையில் வண்டிக்குள் என் இடம் நிரந்தரமென்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஒரு துணிப்பையோடு நிற்பாள் என்றுதான் அப்பா நினைத்திருக்க வேண்டும். அத்தையோ கல்யாணத்துக்குக் கொடுத்த இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், கிரைண்டர், தையல் மிஷின், பித்தளை அண்டா என்று எல்லாவற்றையும் வாசலுக்கு நகர்த்திவைத்திருந்தாள். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து ஏற்றிவிட்டார்கள். பின் டயர்கள் அமுங்கி, பக்கவாட்டில் தொப்பை தள்ளின.

"காத்து பத்தாதும்மா. இங்கயே புடிச்சிக்கினு போயிடலாம்," என்றார் அப்பா.

"வேணாண்ணா. மொதல்ல இந்த ஊரத் தாண்டு."

அப்பா வண்டியை எடுத்தார். நான் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளும் டயரைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பெரியவர்களே இப்படிப் பயந்தால் நிச்சயம் வெடிக்கத்தான் போகிறது என்று தோன்றியது. வண்டலூர் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. "அப்பா, டயர் நாறுதுப்பா," என்றேன். என் குரல் அழுகையாக வந்தது.

பெருங்களத்தூரில் ஒரு பஞ்சர் கடை ஓரம் அப்பா நிறுத்திவிட்டார். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து, "முப்பத்தாறு கீதுண்ணா. ஏத்திடவா?" என்றார்.

"சூட்டுல ஏறிக் காட்டுது. கொஞ்சம் ஆறட்டும்ப்பா. அப்புறம் பின்னாடி ரெண்டுக்கும் அம்பது வையி. முன்னாடி அப்படியே இருக்கட்டும்."

நிழலில் நின்று டயர் ஆறுவதற்குக் காத்திருந்தோம். அத்தை மட்டும் இறங்கவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெயிலில் அவளைத் தனியாக விட மனமில்லாமல் நான் போய் அருகில் உட்கார்ந்தேன். அப்போது கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து மாமாவுடையது போலவே ஒரு கறுப்பு பைக் வேகமாக வந்து எங்கள் வண்டியை ஒட்டி நின்றது. ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அத்தை இருக்கையிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் காற்றுப் பிடித்துக்கொண்டு போனபிறகும் அவள் எழவில்லை.

காற்று வைத்து முடிந்ததும், "அம்பது வெச்சாச்சு அத்த, இனிமே வெடிக்காது," என்றேன். தலையாட்டினாள். ஆனாலும் பல்லாவரம் வரை பின்னால் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

மறுநாள் காலை மெத்தை ஏற்ற வேண்டியிருந்தது. அப்பா பின் டயர் அருகே குந்தி உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமானெல்லாம் திரும்ப அங்க கொண்டுபோற மாதிரி இல்லியேம்மா? காத்த எறக்கிடலாமா?"

அப்பாவின் வண்டிக்கு எவ்வளவு காற்று என்று அத்தையை ஏன் கேட்க வேண்டும் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் எங்கள் முன்னறையில் இறக்கிவைத்திருந்த பீரோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எறக்கிடுண்ணா."

காற்று சீறிக்கொண்டு வெளியேறியதும் அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்குத்தான் பயந்துவிட்டாள் என்று நினைத்து, அது வெடிக்கிற சத்தமில்லை என்று சொல்லிச் சொல்லி, அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.